மேற்குக் கரையில் நிற்கவைத்தேன்

எங்கள் கம்பெனி ரிசப்ஷனில் நாலடி அகலத்துக்கு ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். விரால் அடிப்பான் ஒன்று ஏரியிலிருந்து மீனைத் தூக்கிக்கொண்டு எழும்பும் படம். இறக்கையிலிருந்து தெறிக்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணலாம். அந்தப் பருந்துக்கு ஒரு பழக்கம். மீனைக் குறுக்காகப் பிடித்துத் தூக்கினாலும், பறக்கப் பறக்க அதன் தலை முன்னால் வரும்படி கால்களுக்குள்ளேயே திருப்பிக்கொள்ளும், காற்று தடுக்காமல் இருக்க. படத்தில் மீன் பாதி திரும்பியிருக்கும், வாய் திறந்திருக்கும். படம் மாட்டிய அன்று அதன் கீழே தங்க நிற எழுத்தில் இருந்தது எங்கள் செக்‌ஷன் மேனேஜரின் பேர்.

எடுத்தது நான்.

ஒரகடத்தில் கார் பிரேக்குக்கான பாகங்கள் செய்யும் கம்பெனி. டிப்ளமோ முடித்த கையோடு குவாலிட்டியில் சேர்ந்தேன். லைனில் வரும் பாகத்தைக் கையில் எடுத்து, திருப்பி, மயிரிழை விரிசல் தெரிந்தாலும் சிவப்பு ட்ரேயில் போட வேண்டும். நகர்ந்துகொண்டே இருக்கும் பொருளில் சின்ன வித்தியாசத்தைப் பிடிக்கிற கண் எனக்கு அங்கேதான் பழகியது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே எங்கள் ஊர் ஏரி. ஒருநாள் பஸ் சத்தத்துக்கு ஒரு கொக்கு எழும்பியது. கழுத்தை மடக்கி, கால்களைப் பின்னால் நீட்டி, முதல் இரண்டு அடிக்கு அது படும் பாட்டை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். இத்தனை வருடம் அந்த ஏரிக்கரையிலேயே வளர்ந்திருக்கிறேன், ஒரு பறவை எப்படி மேலே போகிறது என்று பார்த்ததே இல்லை. அந்த வருட போனஸில் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். அதோடு வந்த லென்ஸ் இருநூற்றைம்பது மில்லிமீட்டர் வரைதான் தூரத்தை இழுக்கும். பறவைப் படம் எடுப்பவர்கள் நடுவே அதை லென்ஸ் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

முதல் மூன்று மாதம் எனக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் வானம். பறவை ஃப்ரேமை விட்டுப் போன பிறகுதான் விரல் பட்டனை அமுக்கும். அப்புறம் பிடிபட்டது. கையால் துரத்தக் கூடாது, இடுப்போடு திரும்ப வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்க வேண்டும். பறவை எழும்புவதற்கு முன்னால் ஒரு குறி காட்டும். சிலது எச்சம் போடும், சிலது கழுத்தை ஒரு விரற்கடை நீட்டும். அதைப் பார்த்துவிட்டால் மீதி தானாக நடக்கும்.

எங்கள் மேனேஜரிடம் அறுநூறு வரை இழுக்கும் லென்ஸ் இருந்தது. தோளில் மாட்டினால் ஆளே ஒரு பக்கம் சாய்வார். சுற்றியுள்ள கம்பெனிகளில் பறவைப் பைத்தியம் பிடித்தவர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்தினார். படப்பை மெடிக்கல் ஷாப்காரர் ஒருவரும் அதில் உண்டு. குரூப்புக்கு மேனேஜரே விதிகள் எழுதி மேலே ஒட்டி வைத்திருந்தார். கூட்டைக் காட்டக் கூடாது. பறவைக் குரலின் பதிவைப் போட்டு அதைக் கூப்பிடக் கூடாது. பறவையை விரட்டிப் பறக்கவைத்துப் படம் எடுக்கக் கூடாது, எடுத்தால் அன்றே வெளியே. நான் குவாலிட்டியில் இருப்பதும், ஏரிக்கரையில் குடியிருப்பதும் தெரிந்தவுடன் என்னையும் சேர்த்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் மேனேஜர், நம் ஏரி, நம் குரூப்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் லீவு. காலையில் குரூப் மொத்தமும் எங்கள் ஏரிக்கு வந்தது. மேனேஜரின் லென்ஸில் முந்தின நாள் வைத்த குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. மற்றவர்கள் உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் பக்கம் போய்விட, நானும் அவரும் மட்டும் மதகு மேல் நின்றோம். அவருக்கு போன் வந்தது. லீவு நாளில் ஓடிய ஒரே லைனும் நின்றுபோயிருந்தது.

"ஒரு நிமிஷம் புடிம்மா. பட்டனத் தொட்டுடாத," என்று கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுக் கரையிலிருந்து இறங்கிப் போனார். அங்கிருந்து அவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

விரால் அடிப்பான் நடு ஏரிக்கு மேல் வந்து நின்ற இடத்திலேயே இறக்கையை அடித்தது. கால்களைத் தொங்கவிட்டது. எனக்குத் தெரியும் அது என்ன செய்யப் போகிறது என்று. அந்தக் கேமராவின் கனம் கையில் பழகவே இல்லை, முழங்கையை வயிற்றில் முட்டுக்கொடுத்துக்கொண்டேன். அது கல் மாதிரி விழுந்தது, தண்ணீருக்குள் போய் மறைந்தது. எழும்பும்போது பட்டனைத் தொட்டேன். தொட்டேன் என்ன, விடவே இல்லை. பதினேழு படம்.

அவர் திரும்பி வந்ததும், "சார், கிடைச்சிடுச்சு சார்," என்றேன். வார்த்தை ஒன்றன் மேல் ஒன்று ஏறி வந்தது. அவர் பின்பக்கத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஏழாவது படத்தில் நின்றார். அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"நல்ல செட்டிங் போட்டு வெச்சிருந்தேன்ல?"

அன்று மத்தியானம் குரூப்பில் அந்தப் படம் வந்தது. மூலையில் அவருடைய பேர். கைதட்டுகிற பொம்மைகள், நெருப்புப் பொம்மைகள். மெடிக்கல் ஷாப்காரர், 'இந்த வருஷத்துக்கே இது போதும் சார்' என்று எழுதியிருந்தார்.

மறுநாள் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா என் முகத்தைப் பார்த்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, என் செக்‌ஷன்தான், ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"ஏட்டி, என்ன மூஞ்சி தொங்கிக்கிட்டுக் கெடக்கு?"

சொன்னேன்.

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலையா? நீ புடிச்ச மீன அவரு வாயில போட்டு முழுங்கிருக்காரு, நீ முள்ளு குத்திராம பாத்து முழுங்குங்க சார்னு நின்னியாக்கும்? போய்க் கேளுட்டி. கடிச்சா தின்னுருவாரு?"

போய்க் கேட்டேன். அவர் கேபினில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். நான் மெதுவாகத்தான் கேட்டேன். அவர்தான் எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொன்னார்.

"ஏம்மா, கேமரா யாருது? லென்ஸ் யாருது? செட்டிங் யாருது? நீ தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்ன. ட்ரைபாட் ஸ்டாண்டு மாதிரி. ட்ரைபாடுக்கு யாராவது பேர் போடுவாங்களா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்றுகூட இல்லை, தமாஷாகத்தான் சொன்னார். அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் அது லைனுக்கு வந்துவிட்டது. "ட்ரைபாட், அந்த அளவு கேஜ எடு." "ட்ரைபாட் இன்னைக்கு ஓவர்டைம் பாக்குதா?" பொங்கலுக்கு முன்னால் ரிசப்ஷனில் படத்தை மாட்டியபோது செக்‌ஷன் மொத்தத்தையும் கூப்பிட்டு நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். நான் கடைசி வரிசை. அந்தத் தங்க எழுத்தைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்தேன். அந்த இடத்தில் என் பேர் வர வேண்டும். வருவதற்கு முன்னால் இந்த மனிதர் கொஞ்சம் அனுபவிக்க வேண்டும்.

வழியை அவரே கொண்டுவந்து கொடுத்தார். பொங்கலுக்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மகளைத் தாம்பரத்தில் ஏதோ புது வகுப்புக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார், அதனால் எங்கள் ஏரிக்கு மூன்று மணிக்கு மேல்தான் வர முடியும். வருவதற்கு முன் எனக்கு போன் செய்வார். ட்ரைபாட் என்று சொன்ன வாய்தான்.

"எங்கம்மா இருக்கு இன்னைக்கு? நான் எங்க நிக்கட்டும்?"

"மேக்கால கரையில நில்லுங்க சார். வெயில் உங்க முதுகுப் பக்கம் விழும். பறவை மேல லைட் சூப்பரா இருக்கும்."

இதில் ஒரு பொய் கிடையாது. வெயில் முதுகில்தான் விழும். வெளிச்சம் அருமையாகத்தான் இருக்கும். நான் சொல்லாமல் விட்டது காற்றை மட்டும். பறவை எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், அப்போதுதான் இறக்கைக்குப் பிடி கிடைக்கும். எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் காற்று கடல் பக்கமிருந்து, கிழக்கேயிருந்து வரும். ஆகவே மேற்குக் கரையில் நிற்பவருக்கு ஏரியில் எழும்பும் அத்தனை பறவையும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகும். காலையில் மட்டுமே படம் எடுத்தவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. காலையில் காற்று அவ்வளவாக இருக்காது, எங்கே நின்றாலும் ஓரளவு நடந்துவிடும். அவர் வெயிலை மட்டுமே பார்க்கிற ஆள். லென்ஸ் பெரிதானால் கழுத்தில் காற்று படுவது தெரியாதோ என்னவோ.

முதல் ஞாயிறு அவர் குரூப்பில் போட்டது கூழைக்கடாவின் பின்பக்கம். அற்புதமான வெளிச்சம். வால் இறகு ஒவ்வொன்றும் கூர்மையாக இருந்தது. இரண்டாம் ஞாயிறு மஞ்சள் மூக்கு நாரைகள் ஆறு, ஆறும் பின்பக்கம். மூன்றாம் ஞாயிறு புள்ளிமூக்கு வாத்து, மூக்கைத் தவிர எல்லாம் தெரிந்தது. நான் கலங்கல் மேல், வடக்கே நின்றுகொண்டு எடுத்தேன். எனக்கு எல்லாம் பக்கவாட்டில் கிடைத்தது, கண்ணும் அலகும் இறக்கையுமாக. அதில் ஒன்றைக்கூட நான் குரூப்பில் போடவில்லை. போட்டால் அவர் கலங்கலுக்கு வந்துவிடுவார்.

நாலாவது வாரம் ஒருவர் குரூப்பில் எழுதினார். 'சார், எல்லாம் உங்களைப் பாத்தா டாட்டா காட்டிட்டுப் போவுதே?' பஸ்ஸில் அதை அக்காவுக்குக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "குண்டி போட்டோகிராபர்னு பேர் வையிட்டி," என்றாள். அந்தப் பேர் லைனுக்குப் போனது எப்படி என்று எனக்குத் தெரியாது. அதாவது, நான் ஒருத்தரிடம்தான் சொன்னேன்.

அந்த ஏழெட்டு வாரம் நான் இருந்த சந்தோஷத்தை எழுதினால் நம்ப மாட்டீர்கள். திங்கட்கிழமை காலை அவர் முகத்தைப் பார்க்க ஆசையாக எழுந்தேன். லென்ஸில் ஏதோ கோளாறு என்று சென்னைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். கேமராவின் ஃபோகஸை மாற்றி மாற்றி வைத்தார். கடைசியில் பறவைகள் மேலேயே பழி போட்டார். "இந்த ஏரிப் பறவைங்க ஆளுக்குப் பயந்ததுங்கம்மா. வேற இடத்துல முகத்தக் காட்டும்." ஆமாம் சார் என்றேன். அடுத்த ஞாயிறும் மேற்குக் கரைக்கே அனுப்பினேன்.

மாசியில் ஏரி சுருங்கிவிட்டது. நடுவில் ஒரு குட்டை அளவுக்குத் தண்ணீர், அதில் மிச்ச மீன் மொத்தமும். சுற்றி நாரைகளும் கூழைக்கடாக்களும் இடித்துக்கொண்டு நின்றன. இருநூறு முந்நூறு இருக்கும். மீன் குத்தகைக்காரர் ஒரு காவல்காரரைப் போட்டிருந்தார். எங்கள் தெருக்காரர், நான் மாமா என்று கூப்பிடுவேன். தகர டின்னைத் தட்டி நீர்க்காகங்களை விரட்டுவது அவர் வேலை. பறவைகளுக்கு அந்தச் சத்தம் பழகி, அவர் தட்டத் தட்ட அதுபாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கரையில் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னா பாப்பா, உங்க மேனேஜரு வந்துருந்தாருபா. நாளிக்கு நாலு மணிக்கா ரெண்டு குண்டு போட சொல்லிக்கிறாரு."

"என்ன குண்டு மாமா?"

"வெடிதான். தீபாவளி வெடி, அவரே பெர்ஸா வாங்கியாந்து குடுத்துகிறாரு. பறவைங்கோ எல்லாம் அவருக்கு முதுவ காட்டிக்கினு போவுதாம். அதுங்கோ மூஞ்சிய பாக்கணுமாம். பொண்ணு பாக்க வந்தவன் மாரி சொல்றாரு." அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. "எனுக்கு இன்னா? எங்க மொதலாளியும் வெரட்டு வெரட்டுன்னுதான் சொல்லிக்கினு கீறாரு. இருக்கிற மீன அதுங்கோளே தின்னுக்கினு கீது."

விரட்டக் கூடாது என்று விதி எழுதியவர். அதைக் குரூப்பின் தலையில் ஒட்டி வைத்தவர். நான் அப்போது சொல்லியிருக்க வேண்டியது 'வேணாம் மாமா' என்பது. சொன்னால் கேட்டிருப்பார், சின்ன வயதிலிருந்து என்னைத் தெரியும். நான் கேட்டது இது:

"எந்தப் பக்கத்துலேருந்து போடுவீங்க மாமா?"

"கெயக்கால. அவரு மேக்க நிப்பாராம். இங்க வெடிச்சா அங்க ஓடியாருமாம்."

மறுநாள் மூன்றரைக்கே கலங்கலில் போய் உட்கார்ந்தேன். என் லென்ஸை இழுக்கவில்லை, உள்ளே முழுக்கச் சுருக்கி வைத்தேன். அப்போதுதான் இடது ஓரத்தில் காவல்கார மாமா, நடுவில் குட்டை, வலது ஓரத்தில் மேனேஜர் என்று மூன்றும் ஒரே ஃப்ரேமுக்குள் வந்தன. அவருடைய அறுநூறால் இந்தப் படத்தை எடுக்கவே முடியாது, ஒரு நாரையின் கழுத்தைத்தான் எடுக்க முடியும். அதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் மண்டியிட்டு, கேமராவை முட்டியில் தாங்கிக்கொண்டு, மாமாவுக்குக் கையைக் காட்டினார். மாமா குனிந்தார். மேனேஜர் கையைத் தூக்கும் முன்பே நான் பட்டனை அமுக்க ஆரம்பித்திருந்தேன்.

முதல் வெடிக்கு எல்லாம் எழும்பின. காற்றை எதிர்த்து, கிழக்கே பார்த்து, வெடிக்கு நேராக. வேறெப்படி எழும்பும்? எழும்பிய இடத்திலேயே இரண்டாவது வெடி. அதற்கப்புறம் ஒழுங்கே இல்லை. ஒன்றன் மேல் ஒன்று மோதிக்கொண்டு திரும்பின. கூழைக்கடாக்கள் தின்ற மீனைக் கக்கிவிட்டுத் திரும்பின. வானம் இருட்டி, மேனேஜர் தலைக்கு மேல் எல்லாம் போனபோது அவருக்குக் கிடைத்தது வயிறுகள்தான். நான் விரலை எடுக்கவே இல்லை. அத்தனை படத்தையும் பதிய முடியாமல் கேமரா மூச்சு வாங்கி நின்றபோதுதான் நின்றேன். அதற்குள் எல்லாம் ரோட்டைத் தாண்டி, கம்பெனிகளுக்கு மேலாக, உயர் அழுத்தக் கம்பிகள் போகும் பக்கம் பறந்தன.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் அது. புகை, புகைக்குப் பக்கத்தில் மாமா, முந்நூறு இறக்கைகள், அந்தக் கோடியில் மண்டியிட்டிருக்கும் ஆள். தொப்பி, அறுநூறு லென்ஸ், முகம் எல்லாம் தெளிவு. கடைசிப் படங்களில் ஒன்றில், வலது மூலையில், கம்பிக்குக் கீழே ஒரு நாரை தலைகீழாக இருந்தது. ஒரு இறக்கை மட்டும் விரிந்திருந்தது. திங்கட்கிழமை ஷிஃப்ட் போகும் முன் அந்த இடத்துக்குப் போனேன். இறகுகள் கிடந்தன. நாய் இழுத்த தடம் இருந்தது. மாமா, "ரெண்டு போல வுயிந்துச்சு பாப்பா," என்றார், இந்த முறை சிரிக்காமல்.

ஆனாலும் அன்றைக்கே மேனேஜர் கேபினுக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு போனில் படத்தைக் காட்டினேன். அவர் ஒரு படத்தைத்தான் பார்த்தார்.

"என்னம்மா வேணும்?"

"ரிசப்ஷன் படத்துல என் பேர் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் பயமே இல்லை, நிம்மதிதான் இருந்தது. "அவ்ளோதானா?" என்றார்.

புதன்கிழமை பேர் மாறிவிட்டது. தங்க எழுத்தில் என் பேர், இனிஷியலோடு. அக்கா என்னை இழுத்துக்கொண்டுபோய் அதன் முன் நிற்கவைத்து செல்ஃபி எடுத்தாள். "சிரிட்டி, பல்லு காட்டு," என்றாள். காட்டினேன். வாங்கிவிட்டேன் என்று இருந்தது. ஒரு அரை நாளைக்கு.

மத்தியானம் கேன்டீனில் சாம்பாருக்கு நின்றபோது பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"பேர மாத்திட்டாரு பாத்தியா? சார் மனசு யாருக்கு வரும்?"

"ஆமா, அவர்தான் சொன்னாரே. 'பாவம், சின்னப் பொண்ணு, ஆசப்பட்டுச்சு, குடுத்துட்டேன்'னு."

குடுத்துட்டேன். என்னுடையதை எடுத்துக்கொண்டார். நான் திருப்பிப் பிடுங்கியதையும் அவர் எடுத்துக்கொண்டார். தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். ஷிஃப்ட் முடிந்து பஸ் கிளம்பியதும் போனை எடுத்தேன்.

"யோசிச்சுப் பண்ணுட்டி," என்று அக்காகூடச் சொன்னாள். "பேருதான் வந்துட்டுல்லா?"

"வரல. குடுத்திருக்காங்க."

ஒரே ஒரு படத்தைப் போட்டிருந்தால் போதும். எனக்குப் போதவில்லை. அவர் கையைக் காட்டுவது, மாமா குனிவது, திரி பற்றுவது, புகை, எல்லாம் வரிசையாகத் தெரிய வேண்டும், எந்த மூலையிலும் அவர் நழுவக் கூடாது. லைனில் ரிஜெக்ட் எழுதும்போது அப்படித்தான், எந்த இடம், எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் என்று எல்லாவற்றையும் எழுதினால்தான் யாரும் மறுக்க முடியாது. முதல் படத்திலிருந்து கடைசி வரை அத்தனையும், நாரை விழும் படம் உட்பட, கீழே அவர் எழுதிய விதியை அப்படியே எடுத்து ஒட்டி, குரூப்பில் அனுப்பினேன்.

பஸ் படப்பை தாண்டுவதற்குள் குரூப் பற்றி எரிந்தது. நான் எதிர்பார்த்த வார்த்தைகள் எல்லாம் வந்தன, எதிர்பார்க்காத கெட்ட வார்த்தைகளும் வந்தன. அவர் ஒரு வரி எழுதினார், அழித்தார், தானாகவே வெளியேறினார். போவதற்கு முன் அட்மின் பொறுப்பு மெடிக்கல் ஷாப்காரரிடம் போயிருந்தது. அந்த ஒரு வரி, 'வெளியேறினார்' என்று திரையில் வந்ததே, அதை எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அக்காவிடம் காட்டினேன், டிரைவரிடம்கூடக் காட்டியிருப்பேன்.

அப்புறம் மெடிக்கல் ஷாப்காரர் எழுதினார். அவர் நாள் முழுக்க மருந்துச் சீட்டில் கிறுக்கல் எழுத்தைப் படிப்பவர். கண் அப்படி.

'முதல் நாலு படத்துல பறவை எல்லாம் மேஞ்சிக்கிட்டு இருக்கு. காவல்காரர் இன்னும் திரியே பத்தவைக்கல. நீங்க லென்ஸ சுருக்கி, ரெண்டு பேரையும் ஃப்ரேம்ல வெச்சு ரெடியா இருக்கீங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?'

டைப் செய்தேன், அழித்தேன். தெரியாது என்று எழுத நினைத்தேன். எப்படி எழுதுவது, என் படமே சாட்சி சொல்கிறது.

'தெரியும்' என்று அனுப்பினேன்.

'ஒரு சத்தம் போட்டிருந்தா போதுமேம்மா' என்று வந்தது. அடுத்து, நான் நீக்கப்பட்டதாகத் திரை சொன்னது. இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே விதியில்.

நாரைகள் அந்த வருடம் திரும்பவில்லை. அடுத்த மாதம் முதல் மேனேஜர் என்னை இரண்டாவது ஷிஃப்டுக்கு மாற்றினார், மத்தியானம் போனால் ராத்திரி பதினொன்றுக்குத்தான் திரும்ப முடியும். என் சாயங்காலங்களைப் பிடுங்கிவிட்டதாக நினைக்கிறார். காலை முழுக்க எனக்குத்தான். மதகு மேல் நின்று பார்க்கிறேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, கழுத்தில் காற்று படுகிறது, ஏரியில் இரண்டு நீர்க்காகம் இருக்கிறது. ரிசப்ஷனில் என் பேர் இருக்கிறது, வரும் கஸ்டமர்கள் அதைப் படித்துவிட்டு யார் என்று கேட்கிறார்களாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்தால் கத்துவேனா என்று அக்கா ஒருநாள் கேட்டாள். அந்த நாரையைச் சில சமயம் நினைக்கிறேன், அது உண்மை. ஆனால் அவர் வெளியேறிய வரியை அதைவிட அதிகம் நினைக்கிறேன், அதுவும் உண்மை. அக்காவுக்கு என்ன பதில் சொன்னேனோ அதையே இங்கேயும் எழுதுகிறேன். கத்துவேனா என்று தெரியாது. அந்த முதல் நாலு படத்தை மட்டும் அனுப்ப மாட்டேன்.